கசியும் தொட்டியும் பொருந்தும் உறுப்பும்

நீரைப் போற்றுதல் பொருநை நாட்டார்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதன்று. மேற்குமலையிற் பிறந்து, ஆழ்வார்குறிச்சியை அடுத்தோடி, திருப்புடைமருதூரிற் பொருநையோடு கலக்கும் கடனாநதிக் கரையில் வாழ்வோர், குளத்து மடையில் ஒரு விரற்கடை நீர் கசிந்தாலும் இரவென்று பாராது மண்வெட்டியுடன் எழுந்து செல்வர். ஆயின் அவ்வீடுகளிலேயே கழிப்பறையின் பிளஷ் டாங்கு அல்லும் பகலும் ஒழுகுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒழுக்கு கண்ணிற்கு மறைவாய் இருத்தலின் இழப்பும் சிறிதென்றே கருதிவிடுகின்றோம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 100 மில்லி லிட்டர், அஃதாவது ஒரு சிறு தம்ளர் நீர், ஒழுகுமாயின் நாளொன்றிற்கு 144 லிட்டர் வீணாகும். முப்பது நாளில் 4,320 லிட்டர். சிற்றூர்களில் ஆளொன்றிற்கு நாள்தோறும் 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு. எனவே ஒரு தொட்டியின் ஒழுக்கு இருவர் பங்கினும் மிகுதியாம். இன்னுமொரு கேடும் உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் இந்நீர் செப்டிக் டாங்கினுள் ஓயாது புகுகின்றது. அங்கே கசடு அடியிற் படிவதற்கு ஏறத்தாழ ஒரு நாளேனும் நீர் அசையாது நிற்றல் வேண்டும். ஒழுகும் நீரோ கசடு படியுமுன்னரே அதனை வெளியே தள்ளி, உறிஞ்சு குழியை அடைத்துவிடும்.

இனி, தொட்டியின் அமைப்பைக் காண்போம். நீர் உட்புகும் வாயில் ஒன்று. வெளியேறும் வாயில் மற்றொன்று. உட்புகும் வாயிலைக் காப்பது மிதவையோடு கூடிய வால்வு. கடைக்காரர் இதனைப் 'பால் காக்' என்பர். நீர்மட்டம் உயர மிதவையும் உயர்ந்து, வாஷரை அழுத்தி வழியை மூடும். வெளியேறும் வாயில் இருவகைப்படும். பழைய தொட்டிகளிற் பெரும்பாலும் சைபன் என்னும் வளைகுழாய் இருக்கும். சங்கிலியை இழுத்தவுடன் நீர் வளைவின் மேலேறி மறுபுறம் விழ, காற்றுப் புகும்வரை தொட்டி தானே வடியும். இங்கே அடியில் அடைப்பான் இன்மையால், அது தேய்ந்து ஒழுகுதற்கும் இடமில்லை. பிரிட்டனில் இதனை 'நீர் விரயந் தடுப்பான்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். நெடுங்காலம் அங்கே இம்முறையே கட்டாயமாயிருந்து, 1999ஆம் ஆண்டின் விதிகளாலேயே பிறவகைகளும் இடம்பெற்றன. மற்றொரு வகையில் தொட்டியின் அடித்துளையை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். ரப்பர் இறுகினாலோ, துளையின் விளிம்பில் உப்புப் படிந்தாலோ, நீர் ஓசையின்றிக் கோப்பையுள் இறங்கும்.

குற்றம் எவ்வாயிலில் என்பதை ஸ்பேனரைத் தொடுமுன் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு பென்சில் போதும். தொட்டி நிறைந்தபின், நீர்வரும் குழாயின் ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரிற் குறித்து, ஓர் இரவு எவரும் பயன்படுத்தாது விடுக. காலையில் மட்டம் தாழ்ந்திருப்பின் குற்றம் வெளிவாயிலிலோ, தொட்டியின் வெடிப்பிலோ, அடிப்பொருத்திலோ உளது. மட்டம் மாறாதிருந்து, காக்கைத் திறந்தபின் நீர் வழிகுழாய் வழியே ஒழுகுமாயின் குற்றம் மிதவை வால்வினதே. ஐயமிருப்பின் நீரில் சிறிது மையைக் கலந்து அரைமணி நேரம் பொறுத்திருக்க. கோப்பையில் நிறம் தோன்றினால் ரப்பர் மூடி கசிகின்றது என்பது தெளிவு. தரைமட்டும் நனைந்திருந்தால் பைப்பின் பொருத்துகளைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் உலர்ந்த காகிதத்தைச் சுற்றிப் பார்த்தல் நலம்.

நோய் தெரிந்தபின் உறுப்பைத் தேடவேண்டும். ஈண்டே பலரும் இடர்ப்படுகின்றனர். அரை அங்குல வால்வு என்று கேட்டு வாங்கிவருவர். அளவுகோலை வைத்தாலோ மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். தவறான பொருள் வந்ததென்று மயங்குவர். அரை அங்குலம் என்பது பழைய குழாயின் உட்துளையைக் குறித்த பெயரேயன்றி மரையின் வெளியளவன்று. இன்று அதனையே 15 மில்லிமீட்டர் என்கின்றனர். பெயர் மாறினும் மரை அங்குலத்திற்குப் பதினான்கு சுற்று என்னும் பழைய பிரிட்டிஷ் அளவினதே. ஆகவே பழைய தொட்டிக்குப் புதிய வால்வு பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் மூடியும் சைபனும் அவ்வாறல்ல. செய்வோர்க்குச் செய்வோர் வேறுபடும். அடித்துளையின் விட்டம், தொட்டியின் ஆழம், கைப்பிடி பக்கத்திலோ மேலேயோ என்பது ஆகிய மூன்றையும் தாளிற் குறித்துக்கொண்டு, பழைய உறுப்பையே கழற்றிக் கையில் எடுத்துச் செல்வதே சிறந்த வழி. அம்பாசமுத்திரத்திலாயினும் தென்காசியிலாயினும், கடைக்காரர் நம் விளக்கத்தினும் அவ்வுறுப்பைக் கண்டே விரைவில் அறிவார்.

சைபன் தொட்டியில் சங்கிலியைப் பலமுறை இழுத்தாலன்றி நீர் வாராதாயின், அதனுள்ளிருக்கும் மெல்லிய தகடு கிழிந்திருக்கும். அதனைக் கடையிற் காணாவிடின், பழைய தகட்டை மாதிரியாக வைத்துத் தடித்த பாலிதீன் தாளை அளவாக வெட்டியிடலாம். மரைக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றுக. ஆயின் பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்குவதே போதும். மிகுதியாய் முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். குளோரின் வில்லைகளைத் தொட்டிக்குள் இடுவதையும் தவிர்க்க. அவை ரப்பரைக் கெடுக்கும்.

சிறு வாஷர் ஒன்று தேய்ந்ததற்காகத் தொட்டி முழுவதையும் பெயர்த்தெறிவோர் உளர். பல்லாண்டு உழைத்த பொருளைச் சில ரூபாய் உறுப்பொன்றைத் தேடும் பொறுமையின்மையால் இழப்பது அறிவுடைமையாகாது. மிதப்பு விதியையும் சைபன் தத்துவத்தையும் வகுப்பறையிற் பயிலும் நம் மாணவர், விடுமுறையில் ஊர் சென்றதும் தம் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து அவ்விதிகள் அங்கே தொழிற்படுவதைக் காண்பாராக. கசிவு காணின் தாமே அதனை நிறுத்துவாராக.