மண்ணில் செய்த இடையன்



ஆகமன காலம் தொடங்கிவிட்டது. வீடுதோறும் குடிலைப் பற்றிய பேச்சு நடக்கிறது. போன வருஷத்துப் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்போம். மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்ததும் திரும்பக் கட்டி வைப்போம். இந்த வருஷம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குடிலில் ஒரு பொம்மையையாவது உங்கள் பிள்ளைகள் தங்கள் கையாலேயே மண்ணில் செய்யட்டும். அது இடையனாக இருக்கட்டும்.

குடில் வைக்கும் வழக்கம் பரவியது எப்படி? 1223-ம் ஆண்டில், இத்தாலி தேசத்துக் கிரேச்சியோ என்னும் ஊரில், அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் முன்னணையில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்துமஸ் இரவுப் பூசை நடக்கச் செய்தார். எழுத்தறியாத ஏழைகளும் பாலன் பிறந்த வரலாற்றைக் கண்ணால் கண்டார்கள். பொம்மைகள் பின்னால் வந்தன. பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் களிமண்ணால் செய்யும் சிறு பொம்மைகளுக்குச் 'சாந்தோன்' என்று பெயர். 'சின்ன அர்ச்சிஷ்டவர்' என்பது பொருள். அங்கே இடையரோடு அவ்வூர் மீன்காரியும், ரொட்டி சுடுகிறவரும், சாணை பிடிக்கிறவரும் பாலனைப் பார்க்க வருவார்கள். தங்கள் தெருவையே பெத்லேகேமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள் அந்த மக்கள்!

நம்முடைய காவேரிக்கரையிலிருந்து யார் போவது? அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 2-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நற்செய்தியை முதலில் கேட்டவர்கள், இரவில் வயல்வெளியில் தங்கி மந்தையைக் காத்தவர்கள். அப்படிப்பட்டவர்களை நாம் அறிவோம் அன்றோ? அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு நம் பக்கம் வருகிற கீதாரிகளே அவர்கள். நம் வயலில் கிடை போடுகிறார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகின்றன. நாம் வீட்டுக்குள் உறங்கும்போது, அவர்கள் நரிக்கும் திருடனுக்கும் விழித்திருந்து பனியில் படுக்கிறார்கள்.

ஆகையால் நம் குடிலில் இடையன் கீதாரியாகவே இருக்கட்டும். தலையில் முண்டாசு, தோளில் கம்பளி, கையில் கோல். மூன்று பொம்மை செய்தால் கதை முழுவதும் வந்துவிடும். ஒருவன் கண்மேல் கை வைத்து வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். ஒருவன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஒருவன் பாலன் முன் முழங்காலில் நிற்கிறான். கேட்டான், ஓடினான், கண்டான்.

செய்யும் விதம் இது. குளத்து வண்டலைக் கல், வேர் இல்லாமல் பொறுக்கி, கொஞ்சம் பொடிமணல் சேர்த்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். பொம்மை நாலைந்து அங்குல உயரம் போதும். கையையும் தலையையும் ஒட்டுமுன் இரு பக்கமும் கீறி, குழைத்த மண் தடவி அழுத்துங்கள். ஒரு வாரம் நிழலில் காயவேண்டும். குருமடத்தில் படித்த நாளில் அவசரப்பட்டு நான் வெயிலில் வைத்த கழுதைக்கு, மாலைக்குள் நான்கு காலும் விண்டுபோயிற்று! சூளையில் வேகவைக்க விரும்பினால் அடிப்பக்கத்தைக் குடைந்து உள்ளே கூடாக்குங்கள். கெட்டியாக விட்டால் வெடிக்கும். பக்கத்தில் குயவர் வீடு இருந்தால் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. சுடாவிட்டாலும் குற்றமில்லை, காவியும் சுண்ணாம்பும் பூசினால் பண்டிகைக்குத் தாங்கும்.

பிள்ளையின் பொம்மை கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். இடையன் ஏன் ஓடுகிறான் என்று கேளுங்கள். அந்தப் பதிலே அன்றைய ஞானோபதேசம்.

கடைசியாக ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் கீதாரி நம் வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்பார். குடிலில் இடையனைப் பாலன் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் வந்தவரை அதட்டி விரட்டினால் நம் குடில் வெறும் மண்தான். பொம்மை செய்த பிள்ளையே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

வீட்டில் பேசிக்கொள்ள: 1. நற்செய்தி முதலில் இடையருக்கு ஏன் அறிவிக்கப்பட்டது? 2. நம் தெருவிலிருந்து குடிலுக்கு வேறு யாரைச் செய்யலாம்? 3. நம் வயலில் கிடை போட்டவரின் பெயர் நமக்குத் தெரியுமா?

உங்கள் பங்குச் சுவாமி