வளைவு பாயிண்ட் வாங்கும் முன்

மேசையளவு மாதிரி ரயில் அமைப்பில் இடம்தான் பெரிய பஞ்சம். வளைவு பாயிண்ட் போட்டு, பாதை பிரிவதை வளைவிலேயே தொடங்கிவிட்டால் நிலையத்தின் இரண்டாவது லைன் நன்றாக நீளும். வாங்கும்போது அதன் வெளிப் பாதையின் ஆரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்டிகளைத் தடம்புரள வைப்பது உள் பாதையின் ஆரம்தான். ஹெச்.ஓ. அளவில் (1:87) 85 அடிப் பயணிகள் பெட்டி சுமார் 30 செ.மீ. வரும். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 90 செ.மீ. ஆரம் இருந்தால் நிம்மதி. சின்ன மேசையில் அது நடக்காது. குட்டி எஞ்சின், குட்டை வேகன்களோடு 46 செ.மீ. வளைவில் திருப்தியடைய வேண்டியதுதான்.

பெக்கோ நிறுவனம் தன் பாயிண்டுகளின் முழு அளவு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. அளவு சுருங்காமல் அச்சிட்டு, மேசையில் ஒட்டிப் பாருங்கள். பாயிண்டைப் பொருத்தியதும் நீளமான பெட்டியைப் பின்னோக்கித் தள்ளி, இரு பாதையிலும் சோதியுங்கள்.