பூமிக்குள் நின்று பூமியைப் பார்க்கலாம்!

உங்கள் பள்ளியில் உள்ள பூகோள உருண்டையைச் சற்றே உற்றுப் பாருங்கள். இந்தியா நேராகத் தெரியும்போது அமெரிக்கா மறைந்துவிடுகிறது. எப்படித் திருப்பினாலும் பாதிக்கு மேல் ஒரே சமயத்தில் கண்ணில் படாது. விளிம்பை ஒட்டிய நாடுகளோ ஒடுங்கித் தெரியும்.

இக்குறையைப் போக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. உருண்டையை ஒரு வீட்டின் அளவுக்குப் பெரிதாக்கி, படத்தை அதன் உட்சுவரில் வரைந்து, நாம் உள்ளே புகுந்துவிட வேண்டும்! நட்ட நடுவில் நிற்பவருக்கு எல்லா நாடுகளும் ஒரே தூரத்தில் இருக்கும். எதுவும் சாய்ந்தோ ஒடுங்கியோ தெரியாது. தலையைத் திருப்பினால் போதும், உலகம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட உள்ளீடற்ற உருண்டைக்கு 'ஜியோராமா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஜி' என்றால் பூமி. 'ஹொராமா' என்றால் காட்சி. இன்று இச்சொல்லை அறிந்தவர் மிகச் சிலரே.

கெடாரும் சென்னையும் ஒரு சாண்!

1820களில் பாரிஸ் நகரில் டெலாங்லார் என்பவர் ஒரு ஜியோராமாவை அமைத்தார். அதைவிடப் பெரியதை லண்டனில் 1851ஆம் ஆண்டு ஜேம்ஸ் வைல்டு கட்டினார். அதன் விட்டம் சுமார் 60 அடி, அதாவது 18 மீட்டருக்குச் சற்று மேல். மக்கள் உள்ளே படியேறி, தட்டுத் தட்டாக நின்று பார்த்தனர். 1862இல் அது பிரிக்கப்பட்டது.

அந்த உருண்டையில் விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள நமது கெடார் எங்கே இருந்திருக்கும்? கணக்கிட்டுப் பார்ப்போம். சுற்றளவை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு சுமார் 16 சென்டிமீட்டர் வரும். கெடார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் உள்ளது. ஆகவே கோட்டிலிருந்து ஏறக்குறைய 190 சென்டிமீட்டர் மேலே, ஓர் ஆள் உயரத்தைத் தாண்டி இருந்திருக்கும். அங்கிருந்து சென்னை ஒரு சாண் தூரம்தான்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1935இல் அமைந்த கண்ணாடி உருண்டையை இன்றும் காணலாம். 608 கண்ணாடிப் பலகைகளால் ஆனது அது. 1935ஆம் ஆண்டின் எல்லைகளே அதில் உள்ளன. ஆகவே பிரிவினைக்கு முந்தைய இந்தியாவை அங்கே பார்க்கலாம்.

வானத்துக்கு ஒரு கிண்ணம்

பூமிக்கு வெளிப்புறமே இயல்பான பார்வை. வானமோ நேர்மாறு, நாம் எப்போதும் அதன் உள்ளேதான் இருக்கிறோம். இதை நன்கு பயன்படுத்தியவர் மன்னர் சவாய் ஜெய்சிங். 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் அவர் அமைத்த வானாய்வுக் கூடத்தில் 'ஜெய் பிரகாஷ்' என்ற கருவி உள்ளது. தரையில் பதித்த அரைக்கோளக் கிண்ணம் அது. அதன் விட்டம் 5 மீட்டருக்கும் மேல்.

கிண்ணத்தின் வாய்தான் தொடுவானம். வாயின் நடுவே கம்பிகள் குறுக்காகச் செல்கின்றன. அவை சந்திக்கும் இடத்தின் நிழல் கிண்ணத்தில் விழும். சூரியன் கிழக்கே இருந்தால் நிழல் மேற்குச் சரிவில் இருக்கும். சூரியன் ஏற ஏற நிழல் கீழே இறங்கும். அதாவது, கிண்ணம் முழுவதும் தலைகீழான வானம்! கிண்ணத்தைப் பட்டை பட்டையாக அமைத்து, இடையில் நடைவழி விட்டிருக்கிறார்கள். இரவில் அவ்வழியே இறங்கி, கம்பிகள் சந்திக்கும் இடத்துக்கு நேராக விண்மீனைப் பார்த்து, அதன் நிலையைக் குறிப்பார்கள். ஒரு கிண்ணத்தில் வழியாக உள்ள இடம், பக்கத்துக் கிண்ணத்தில் பட்டையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வானம் முழுமையாகும்.

நீங்களே செய்யலாம்

அரைக்கோளம் போன்ற கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் பதித்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாப் பக்கமும் தண்ணீர் விளிம்பைத் தொட்டால் அது சமமாக இருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே குழியில் வையுங்கள். வடக்கு தெற்காக ஒரு நூல், கிழக்கு மேற்காக ஒரு நூல் கட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு மணியைக் கோத்துவிடுங்கள். மணிக்கு ஒரு முறை நிழலைச் சுண்ணாம்பால் குறியுங்கள். நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

டிசம்பர் நண்பகலில் நிழல் வடக்குச் சரிவில் இருக்கும். ஜூன் மாத நண்பகலில் தெற்குச் சரிவுக்கு மாறிவிடும். ஏப்ரல் 21, ஆகஸ்டு 21 ஆகிய நாள்களை ஒட்டி, 12 மணி தாண்டிய கால் மணி நேரத்துக்குள் நிழல் கிண்ணத்தின் அடிமையத்தைத் தொடும். அப்போது சூரியன் கெடாருக்கு நேர் உச்சியில் இருக்கிறது!

ஜெய்ப்பூர் 27ஆம் பாகைக்கு அருகில் உள்ளது. சூரியன் வடக்கே 23½ பாகைக்கு மேல் செல்வதில்லை. ஆகவே ஜெய்சிங்கின் கிண்ணத்தின் அடியை அந்த நிழல் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் உங்கள் கொட்டாங்கச்சியில் ஆண்டுக்கு இருமுறை தொடும். அந்த நாள்களுக்காகக் காத்திருந்து பாருங்கள்.