உச்சியில் தடுமாறும் அண்டக் கதிர்கள்

விண்மீன் மண்டலம் உருவாகும் விதத்தைக் கணினியில் மீட்டுருவாக்கும் எவரும், சுப்பர்நோவா வெடிப்புகளில் முடுக்கப்பட்டு ஒளிவேகத்தை நெருங்கும் புரோத்தன் முதலிய துகள்களான அண்டக் கதிர்களை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் வெடிப்புச் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் பெறும் இவை, சூடான வாயுவைப்போல விரைவில் குளிர்ந்துவிடாமல், வாயுவை மண்டலத்துக்கு வெளியே தள்ளும் அமுக்கத்தை நெடுங்காலம் தாங்கி நிற்கின்றன. இவற்றை ஒரு பாய்மமாகக் கொண்டு சக்தி இழப்பையும் பரவலையும் சமன்பாட்டில் சேர்ப்பது வழக்கமான வேலை; அதற்கு விளக்கம் தேவையில்லை.

பெருநட்டம் தரும் பிழை வேறிடத்தில் உள்ளது. அண்டக் கதிர்கள், காந்தப்புலக் கோடுகளில் தாமே எழுப்பும் அல்வேன் அலைகளால் தடுக்கப்பட்டு, அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஏறத்தாழ அவ்வலைகளின் வேகத்தில் வழிகின்றன. வழியும் திசையை அமுக்கச் சரிவின் குறியே தீர்மானிப்பதால், சரிவு பூச்சியமாகும் உச்சியில் திசை திடீரெனத் தாவுகிறது. அங்கே, கணிப்பு ஒவ்வொரு முறையும் தாண்டும் நேர இடைவெளியான காலப்படியை வழக்கமான அளவிலேயே நம்பினால், வெளியைப் பிரிக்கும் சிறு கட்டங்களில் உச்சியிலுள்ளதிலிருந்து மிதமிஞ்சிய சக்தி வெளியேறி, மேடு பள்ளமாகி, பள்ளம் மீண்டும் மேடாகி, ரம்பப் பல் போன்ற பொய்யலைவு கணிப்பு முழுவதும் பரவி அடங்காமல் நிற்கும். அதை இயற்கையான கொந்தளிப்பென்று படம் போட்டுக் காட்டுவோரும் உண்டு.

பிரதீக் சர்மா, பிலிப் கொலெல்லா, டேனியல் மார்ட்டின் ஆகியோர் 2010இல் இதைத் தெளிவாக்கினர்: குறியின் தாவலை மென்வளைவாக்கினால் உச்சியில் சமன்பாடு பரவலாக மாறுகிறது, எனவே வழக்கமான முறையில் கட்டத்தைப் பாதியாக்கினால் காலப்படி கால்வாசியாக வேண்டும். முப்பரிமாணத்தில் அது 32 மடங்கு வேலை. 2018இல் யான்-ஃபெய் ஜியாங்கும் பெங் ஓவும் சக்திப் பாயத்தைத் தனி மாறியாக்கியபின், காலப்படி கட்ட அகலத்துக்கு நேர்விகிதமாகச் சுருங்கினாலே போதும் என்றானது.

இலங்கையின் ஹுன்னஸ்கிரியவில் ஒற்றைக் கணினியோடு, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட மின்வெட்டுக்கிடையே உழைத்தவருக்கு, ஒரு பரிமாணச் சோதனை ஏழ்மையின் அடையாளமன்று. அதைப் பள்ளிக்கூடப் பயிற்சியென்று இகழ்ந்து, நுண்ணிய கட்டங்களையே கேட்ட மதிப்பாய்வாளர்கள் உச்சியில் நிகழ்வதைக் கேட்கவேயில்லை. மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால், கணிப்பின் இடைநிலையை அடிக்கடி வன்தட்டில் சேமியுங்கள். ஒரே ஒரு மேட்டை வழியவிட்டு, அதன் உச்சி ரம்பமின்றித் தட்டையாகிறதா என்று பாருங்கள். அது தேறும்வரை எந்த விண்மீன் மண்டலத்தையும் தொடங்காதீர்கள்.