எண்பதுகளை மேடையேற்றும் தம்பிக்கு



அச்சங்குளத்தில் ஓர் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளை எண்பதுகளின் விழாவாக நடத்தித் தரும் பொறுப்பை ஏற்றிருப்பதாக எழுதியிருந்தாய். அன்று சேரும் பணம் பட்டாசு விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளின் படிப்புக்குப் போகும் என்றும் சொல்லியிருந்தாய். மனம் நிறைந்தது. பந்தலும் விளக்கும் உன் கைக்குப் பழகியவை, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்த எண்பதுகளை மேடையேற்றப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

குழாய் ஸ்பீக்கர், டேப் ரெக்கார்டர், கேசட் உறைகள், இளையராஜா பாட்டு, வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்த்த இரவுகள். உன் பட்டியலில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை மதுரைக்கும் கோவைக்கும் பொது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து எண்பதுகளில், விடியும் முன்பே ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன தீப்பெட்டி ஆபீஸ் வண்டியும் இருந்தது. கட்டை அடுக்கிய, பெட்டி ஒட்டிய சின்ன விரல்கள் இருந்தன. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி அந்தக் கணக்கில்தான். சலம் பென்னூர்கர் 1990-இல் கொண்டுவந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. இன்று அறுபதைத் தொடும் பலர் எண்பதுகளுக்குள் வரும் முன்பே அதே கதையை வாழ்ந்தவர்கள்.

அதனால் முதலில் அந்த அம்மாவிடம் போய் உட்கார். சிறுவயதில் எங்கே வேலை பார்த்தார், எந்த வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, முதல் கூலியில் என்ன வாங்கினார் என்று கேள். பிள்ளைகளிடம் விவரம் வாங்கி மேடை போட்டால் அது பிள்ளைகளின் எண்பதுகளாகத்தான் இருக்கும். ஏதேனும் ஒன்றை அவர் சொல்ல விரும்பாவிட்டால் அதைத் தொடாதே. சொன்னால், அவர் சொன்ன சொல்லிலேயே வை. அழைப்பிதழைத் தீப்பெட்டி லேபிள் போல அச்சிடலாம் என்ற உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சிவகாசி அச்சகங்களுக்கு அது கைவந்த கலை. அந்த லேபிளை ஒட்டிய கைகளைப் பற்றி உள்ளே ஒரு வரியாவது இருக்கட்டும்.

இந்த நிதிக்கும் அந்தக் காலத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது தானாகப் புரியும். சத்துணவுத் திட்டம் வந்தது 1982-இல். குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நலநிதியில் கட்ட வேண்டும் என்று, சிவகாசி தீப்பெட்டித் தொழிலை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். அதற்குள் ஒரு தலைமுறையின் படிப்பு கைநழுவிப் போயிருந்தது. இப்போதைய கதைக்கு வருவோம்: 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சம்பாதிக்கிறவர் போன வீட்டில் அடுத்து ஆட்டம் காண்பது பிள்ளையின் படிப்புதான். அன்று படிப்பை இழந்த ஒருவரின் பிறந்தநாள், இன்று படிப்பை இழக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கட்டும். உன் விழாவின் கரு இதுதான். மேடையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் இதை வைத்துத் தேர்ந்தெடு.

அடுத்து, பணம். நம் பக்கத்தில் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய செய்முறை. அந்தக் குடும்பம் என்றோ செய்ததை ஒருவர் இன்று திருப்பிச் செய்தால், அது அவர்களுடைய நோட்டுக் கணக்கு. புதிதாக ஒருவர் எழுதினால், நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் குடும்பம் செய்தாக வேண்டும். அந்தப் பணத்தை எடுத்து நிதியில் போட்டால் தர்மமும் கெடும், உறவும் கெடும். 'இந்த விழாவுக்கு மொய் இல்லை' என்று அழைப்பிதழிலேயே போடச் சொல். வாசலில் நிதிக்கென்று ஓர் உண்டியல் மட்டும் போதும். 2022-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் இலங்கை மக்களுக்காக மொய் விருந்து வைத்தபோது, யாருக்காக என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். வந்தவர்களுக்குக் குழப்பமே இல்லை.

யார் எவ்வளவு போட்டார்கள் என்று மைக்கில் வாசிக்காதே. ஒரு காலத்தில் விருதுநகரில் வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி ஒதுக்கி, அதைத் திரட்டிய பணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். இருப்பவர் பிடியும் இல்லாதவர் பிடியும் ஒரே பானையில் விழுந்தன. பயராபீஸ் என்னும் பட்டாசு ஆலையில் நாள் கூலி வாங்கும் ஒருவர் ஐம்பது ரூபாய் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து பந்தியில் உட்கார வேண்டும்.

விழாச் செலவு முழுவதும் குடும்பத்துடையது. சாப்பாடு, பந்தல், உன் கூலி எதற்கும் உண்டியலில் கை வைக்கக் கூடாது. இதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே பேசி முடி. உன் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழைத்ததற்கு வாங்கு, உன் ஆட்களுக்கும் கொடு. இந்த மண்ணில் கூலியைக் குறைத்து நடந்த காரியங்கள் போதும்.

பணம் பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைக்காதே. அவர்கள் படத்தையும் பேனரில் போடாதே. தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஊர் முன்னால் நிறுத்தப்பட்டது ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க வலிக்கும். வெடியும் அன்று வேண்டாம். பட்டாசு நம் ஊருக்குச் சோறு போடுகிறது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் விபத்தில் உறவை இழந்த வீட்டார் பந்தியில் இருக்கும்போது சரவெடிச் சத்தம் அவர்களுக்கு வேறு ஒரு மதியத்தைத்தான் நினைவூட்டும்.

சேர்ந்த தொகையை அன்றிரவே ஊரார் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கு. ரொக்கமாக வீடு வீடாகக் கொடுத்தால் அது அந்த வாரத்துக் கடனிலேயே கரைந்துவிடும். அவர்கள் நெருக்கடி அப்படி. கல்லூரி, விடுதிக் கட்டணத்தை நேராக அங்கேயே கட்டி ரசீது வாங்கு. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை என்றால், அஞ்சலகத்தில் காப்பாளர் மூலம் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பதினெட்டு வயதில் மேற்படிப்புக்கு அதிலிருந்து பாதி வரை எடுக்க முடியும். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பொது இடத்தில் ஒட்டு. பிள்ளைகளின் பெயர் அதில் வேண்டாம், தொகை மட்டும் போதும்.

காமராஜர் பிறந்த ஜூலை 15 தமிழ்நாடு முழுக்கக் கல்வி வளர்ச்சி நாளாக நடக்கிறது. பிறந்தநாளைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பார்ப்பது விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உன் விழா ஒரே மாலையில் முடிந்துவிடும், படிப்போ பல வருடம் ஓடும். அடுத்த பிறந்தநாளுக்கும் அந்தக் குடும்பம் ஒரு சிறு தொகையாவது ஒதுக்குமா என்று இப்போதே கேட்டு வை. ஒரு பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், நீ போட்ட மேடை நல்ல மேடை என்று நானே ஊரெல்லாம் சொல்வேன்.

அன்புடன்,
உன் அண்ணன்