போச்சே ஆடுகளத்துக்குச் செயற்கைப் புல்: எதைப் பார்த்து வாங்குவது?



'போச்சே' என்றதும் என்ன போச்சு என்று கேட்காதீர்கள்! இது இத்தாலிக்காரர்களின் உருட்டுப் பந்து ஆட்டம். முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு அணிக்கு நான்கு பெரிய பந்துகள். யாருடைய பந்து சின்னப் பந்துக்குக் கிட்டே போய் நிற்கிறதோ அவர்களுக்கே புள்ளி. நம்ம ஊர் கோலிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸில் இந்த ஆட்டம் உண்டு. 2024 நவம்பரில் புதுடெல்லியில் ஆசிய பசிபிக் அளவிலான போட்டியும் நடந்தது. அங்கே களத்தின் அளவு 18.29 மீ × 3.66 மீ, அதாவது 60 × 12 அடி. மண், கல்தூள், புல், செயற்கைத் தரை எதுவும் போடலாம். பந்தின் பாதையில் தடை மட்டும் இருக்கக் கூடாது.

இதில் சிவில் மாணவனுக்கு என்ன வேலை? பந்து விலகிப் போனால், அது தரையின் குற்றமா தன் கையின் குற்றமா என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். தரை பொய் சொன்னால் பயிற்சி அத்தனையும் வீண். நம்ம கல்பாக்கம் கரையில் ஒரு களம் போடுவதாக வைத்துப் பார்ப்போம்.

1. அடித்தளம்

புல் விரிப்பு பள்ளத்தை மறைக்கும், நிரப்பாது. இங்கே கடற்கரை மணல். தண்ணீரை உடனே உறிஞ்சும், ஆனால் நகரும். எனவே நாலு பக்கமும் கான்கிரீட் விளிம்பு கட்டி, மணல்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 10 செ.மீ. ஜல்லி, அதன்மேல் 5 செ.மீ. கிரஷர் தூள் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். பரப்பு சுமார் 67 ச.மீ.; இறுகிய பின் ஜல்லி 6.7 க.மீ., தூள் 3.35 க.மீ. வரும். வாங்கும்போது இறுகும் அளவுக்குச் சேர்த்து வாங்குங்கள். 3 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது என்று நாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

2. எந்தப் புல்?

செயற்கைப் புல் என்றதும் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம்தான் ஞாபகம் வரும். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக அங்கே புது விரிப்பு போட்டார்கள். ஆனால் அது ஹாக்கிக்கானது. கால்பந்து விரிப்போ நீள இழை, பந்து புதைந்துவிடும். நமக்குச் சுமார் 12 மி.மீ. உயரமுள்ள, நெருக்கமான குட்டை இழை போதும். இழை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் போகும்போது வேகம், வரும்போது மந்தம். 4 மீட்டர் அகலச் சுருள் கிடைத்தால் நடுவே ஒட்டு வராது. இது பெரிய லாபம்.

3. நிரப்பு மணல்

கழுவி உலர்த்திய, உருண்டை மணியான சிலிக்கா மணல்தான் வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கே என்று அள்ளி வரக் கூடாது. உப்பும் கிளிஞ்சலும் சேர்ந்து வரும். ரப்பர் துகள் தேவையே இல்லை. நுண்பிளாஸ்டிக் தொல்லைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் அதற்குத் தடை கொண்டுவந்து, 8 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. வடிகால் வாயிலும் வலை கட்டுங்கள். உதிரும் இழை கடலுக்குப் போகக் கூடாது.

4. வெயில், உப்புக் காற்று

உயிருள்ள புல் நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. அக்னி நட்சத்திர மதியத்தில் கால் வைக்க முடியாது. மேலே நிழல் வேண்டும், இல்லாவிட்டால் காலை மாலைதான் ஆட்டம். சாதாரண ஆணி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே போடுங்கள்.

5. சோதனை

வாங்குமுன் மாதிரித் துண்டு ஒன்று கேளுங்கள். சமதளத்தில் விரித்து, ஒரு சாய்பலகையின் ஒரே உயரத்திலிருந்து பந்தை இந்தப் பக்கம் ஐந்து முறை, அந்தப் பக்கம் ஐந்து முறை விடுங்கள். டேப் வைத்து அளந்து சராசரி பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வாங்கலாம். கடைக்காரர் பேச்சைவிடப் பந்தின் பேச்சு நம்பகமானது.

முடிவாக ஒன்று. கையில் இருக்கும் பணம் அடித்தளத்துக்கு மட்டுமே போதும் என்றால், கிரஷர் தூள் தளத்தோடு நிறுத்திவிடுங்கள். அதிலேயே நன்றாக ஆடலாம். புல்லை அடுத்த வருஷம் விரிக்கலாம். அடித்தளத்தில் மிச்சம் பிடித்துப் பச்சைப் பசேலென்று விரித்தால், முதல் ஐப்பசி மழைக்கே பணமும் போச்சே!