பாலின் பிறப்பை அறிவது எது?

கண்டிச் சந்தையிலும் நகரைச் சூழ்ந்த பெருவீதிகளின் ஓரத்துக் கடைகளிலும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் தயிர்ச் சட்டிகளைக் காணும்போது, எருமைத் தயிர் என்று கூடுதல் விலை சொல்லி விற்கப்படும் இதில் பசும்பாலும் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் எழாத இல்லத்தரசி அரிது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நம்மவர் வழிவழியாகக் கைக்கொண்டு வரும் உபாயங்கள் அனுபவத்தில் விளைந்தவையாதலால் அவற்றை நான் இகழ மாட்டேன். ஆயினும் அவற்றுள் எது எதனை அறிவிக்கும், எதனை அறிவிக்காது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம்.

சட்டியைச் சரித்தாலும் சரியாத தயிர் எருமைத் தயிரே என்பது முதல் நம்பிக்கை. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதமும் பசும்பாலில் 4 சதவீதமளவும் இருப்பதாலும், எருமைப்பாலில் புரதமும் மிகுதியாதலாலும், அது இயல்பாகவே கெட்டியாக உறையும் என்பது மெய்தான். ஆனால் பசும்பாலில் பால்மாவைக் கரைத்து உறையிட்டாலும் அதே கெட்டித்தன்மை வந்துவிடும். வெண்மை நிறமும் இத்தகைய சாட்சியே. பசும்புல்லிலுள்ள கரோட்டீனை எருமை முழுவதும் விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெளுத்தும், பசு அதில் ஒரு பகுதியை அப்படியே பாலில் விடுவதால் அதன் பால் சற்று மஞ்சள் சாயலுடனும் காணப்படுகின்றன. எனினும் எருமைப்பாலோடு சிறிதளவு பசும்பால் கலந்தால் அந்தச் சாயல் கண்ணுக்குப் புலப்படாது. வைக்கோல் தின்ற பசுவின் பாலோ தானே வெளுத்திருக்கும்.

பால்மானி பொய் சொல்லாது என்பாரும் உளர். பால்மானி அறிவது பாலின் அடர்த்தியை மாத்திரமே. ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி ஏறும், நீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் அளவறிந்து செய்பவனிடம் கருவி உரிய கோட்டிலேயே மிதந்து நிற்கும். இதற்கு மாறாக, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் ஒரு தாய், தீவனக் குறைவால் பசு சத்துக் குன்றிய பாலைக் கறந்த நாளில், நீர் கலந்தவளெனப் பழி சுமக்க நேரலாம். இந்த அநியாயத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

பாலின் பிறப்பு அதன் புரதங்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பசும்பால் ஊசிவழி ஏற்றப்பட்ட முயலின் சீரம் பசும்பாலைத் திரளச் செய்வதை ஜூல் போர்தே என்னும் பெல்ஜிய விஞ்ஞானி 1899ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். அந்நியப் புரதத்தை எதிர்க்க முயலின் உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளே அந்தக் காரியத்தைச் செய்கின்றன. நீர் ஊற்றிய எருமைப்பாலைப் பசும்பாலென விற்பதைப் பிடிக்க இந்தியாவில் வழங்கும் ஹன்சா பரிசோதனையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்: நீர் சேர்த்த பாலின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, எருமைப்பாலுக்கு எதிராக முயலில் உண்டாக்கிய சீரத்தில் ஒரு துளி சேர்த்தால், எருமைப்பால் இருக்குமிடத்துத் திரள் தோன்றும். 1971ஆம் ஆண்டு தோன்றிய எலைசா முறை இதனை நிறமாற்றத்தால் அளக்கக்கூடியதாக்கிற்று; நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கலப்பைக்கூட அதனால் காணலாம்.

இங்கே ஒரு புதிய மயக்கம் பிறக்கிறது. பிறபொருளெதிரிப் பரிசோதனை என்றவுடன், மாட்டுக்கு இருக்கும் நோயையோ, பாலில் எஞ்சிய மருந்தையோ தேடுகிறார்கள் என்று எண்ணுவோர் பலர். இந்தப் பரிசோதனையில் பிறபொருளெதிரி தேடும் கருவி மாத்திரமே; தேடப்படுவது இன்ன விலங்கின் புரதம். கலப்பு உண்டென்று முடிவு வந்தால் அந்தப் பால் நஞ்சென்பதும் தவறு. நடந்தது ஏமாற்று, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடத்தக்க ஏமாற்று.

அறிவியல் முறை ஒருபோதும் பிழைக்காது என்பதும் நம்பிக்கைதான். பசுவும் எருமையும் நெருங்கிய உறவாதலால், இரண்டையும் ஒருங்கே பற்றும் பிறபொருளெதிரிகளை முதலில் அகற்றிச் சீரத்தைத் தூய்மையாக்க வேண்டும். பச்சைப்பாலில் எளிதில் அகப்படும் இம்யூனோகுளோபுலின் புரதம் நன்றாகக் காய்ச்சிய பாலில் சிதைந்துவிடும். தயிருக்கோ பாலைக் காய்ச்சியே உறையிடுகிறார்கள். ஆகவே சட்டித் தயிரைச் சோதிப்பவர் வெப்பத்தைத் தாங்கும் கேசின் புரதத்தைத் தேடும் முறையையே நாடவேண்டும். எருமைப் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் அதிகாரபூர்வ முறையும் கேசினையே ஆராய்கிறது. பசும்பால் 1 சதவீதத்தை எட்டினால் கலப்பெனக் கொள்கிறது.

இவை யாவும் பணத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றிய நம்பிக்கையொன்று எஞ்சியிருக்கிறது. பசும்பால் ஒவ்வாத குழந்தைக்குக் கலப்பற்ற ஆட்டுப்பால் கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணி, கூடுதல் விலை கொடுத்து ஊரூராகத் தேடும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். ஆய்வுகூடத்துச் சீரத்தைப் போல இனம் பிரித்தறியும் சூட்சுமம் அந்தக் குழந்தையின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகளுக்கு இல்லை. பசும்பால் புரத ஒவ்வாமையுள்ள பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. அன்றியும் ஆட்டுப்பாலில் கைக்குழந்தைக்கு வேண்டிய போலேட் சத்து மிகக் குறைவு. பெற்றோரே, பாலில் கலப்புண்டா என்று ஆராய்வதற்கு முன்னர், பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குக் குழந்தையை அழைத்துச் சென்று, எந்தப் பால் ஆகும் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.